ஆளில்லாத அறையில் துண்டு காயப்போட்டவன்

இதை எழுதிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை நோட்டை எடுத்திருக்கிறேன். பேனாவைத் திறந்ததும் கை நின்றுவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் வெட்கந்தான் காரணம். போன மாதம் என் மருமகன் கைபேசியைக் காட்டினார். ஏதோ பெரிய ஓட்டலில் அடிக்கடி தங்கியதற்காக அவரைக் ‘கோல்டு மெம்பர்’ ஆக்கியிருக்கிறார்களாம். “இனிமே நல்ல ரூம் காலியா இருந்தா எனக்குத்தான் மாமா. நெசமாவே குடுப்பாகளா? நீங்க லாட்ஜுல இருந்தவுகதானே, சொல்லுங்க” என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கான பதில் பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு லாட்ஜில் நான் முன்மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களின் பேரெழுதிச் சாவி கொடுக்கிற வேலை. எங்கள் முதலாளி ஒருமுறை சிங்கப்பூர் போய் வந்தார். அங்கே பார்த்ததை வைத்து, அடிக்கடி வந்து தங்குகிறவர்களுக்குப் பச்சை அட்டை ஒன்று அச்சடித்துக் கொடுத்தார். இரண்டாம் மாடி மூலை அறை காலியாக இருந்தால், அட்டை வைத்திருப்பவருக்குச் சாதாரண அறை வாடகைக்கே அது கிடைக்கும் என்று அதில் போட்டிருந்தது. அந்த ஓர் அறையில்தான் ஏ.சி. இருந்தது, மேல்நாட்டுக் கக்கூஸ் இருந்தது, பால்கனியும் இருந்தது. வானம் தெளிந்திருக்கும் காலையில் அந்தப் பால்கனியில் நின்றால், தென்னை மரங்களுக்கும் ஓட்டுக்கூரைகளுக்கும் அப்பால் குன்றக்குடி மலை நீலமாய், தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரியும். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஆனாலும் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

மேனேஜருக்கு அந்த அறையைக் குறைந்த வாடகைக்கு விட மனசில்லை. கண்டனூரிலும் கொத்தமங்கலத்திலும் முகூர்த்தம் என்றால் சென்னையிலிருந்து கார் காராக வருவார்கள். கல்யாண வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தூண் தூணாக நிற்கும் அத்தனை பெரிய வீட்டிலும் முழங்கால் வலிக்காரர் உட்கார ஒரு கக்கூஸ் இருக்காது. “தூண எண்ணிக்கிட்டா உக்காருவாக? நம்மகிட்டத்தான் வருவாக, கேட்டதக் குடுப்பாக” என்பார் மேனேஜர். அட்டைக்காரர்கள் கேட்டால் என்ன செய்வது என்றேன். “காலியா இருந்தாத்தானய்யா குடுக்கணும்? காலியாத் தெரிய விடாத” என்றார்.

அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. மாதாகோவிலில் காலைப் பூசை முடிந்து, நெற்றியில் தொட்ட தீர்த்தம் காயுமுன்னே மாடியேறி, ஆளில்லாத அறையின் பால்கனிக் கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டைத் தொங்கவிடுவேன். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாரோ குளித்து முடித்து உள்ளே இருப்பதுபோலத் தோன்றும். பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. கையை மேலே காட்டினால் போதும்.

மதுரையிலிருந்து மாதம் தவறாமல் வந்து தங்கும் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் இருந்தார். ரெப் சார் என்போம். அதிர்ந்து பேசாத மனிதர். மலை தெரியும் சங்கதியை ஒரு தடவை பெருமைக்காக நான்தான் அவரிடம் சொல்லிவைத்தேன். அதன்பின் வரும்போதெல்லாம் அட்டையை மேசைமேல் வைப்பார். நான் மேலே கையைக் காட்டுவேன். “சரி தம்பி, அடுத்த தடவ பாப்போம்” என்று எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை மனைவியோடு வந்தார். அந்த அக்காவுக்கு இருதயத்தில் ஆபரேசன் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிழைத்து எழுந்தால் குன்றக்குடி மலையேறிக் கும்பிடுவதாக நேர்ந்திருந்தார்களாம். மலைப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “இவுகதான் சொன்னாக, ஒங்க மாடியில நின்னாலே முருகன் மலை தெரியும்னு. ரெண்டு மாடிதானே, உக்காந்து உக்காந்து ஏறிருவேன் தம்பி” என்று அந்த அக்கா சிரித்தார். சார் பச்சை அட்டையை மேசைமேல் வைத்தார். வெளியே வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. மேனேஜர் கண்டனூர் போயிருந்தார். சாவி என் கைக்கெட்டும் ஆணியில் தொங்கியது. பழகிய கை, மேலே காட்டிவிட்டது.

“ஆளு இருக்காக சார்.”

சார் அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அக்காதான், “பாவம், அவுகளும் என்ன காரியமா வந்தாகளோ. இருக்கட்டும்” என்றார். கீழே வாசலோர அறையைக் கொடுத்தேன்.

சாயங்காலம் நெருங்கும்போது மேற்கே கருத்துக்கொண்டு வந்து, தூறல் விழுந்து நின்றது. அக்கா ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு மேசைக்கு வந்தார். “தம்பி, இத அந்த மாடி ரூம்காரவுகளுக்குக் குடுத்துருங்க. புளியோதரை, வீட்டுல கட்டியாந்தது. காலையில இருந்து பாக்குறேன், துண்டு போட்ட எடத்துலயே கெடக்கு. மழையில நனைஞ்சும் எடுக்கல. ஒத்தையா வந்தவுகளோ, காய்ச்சல்ல கெடக்காகளோ. தொணைக்கு ஆள் வேணும்னா என்னையக் கூப்புடுங்க.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். கதவைத் திறந்ததும் ஆள் புழங்காத அறையின் வாசனை. சாம்பல் நிற வெளிச்சம் கட்டில் விரிப்பின்மேல் படுத்திருந்தது. பொட்டலத்தின் கனம் உள்ளங்கையில் இருந்தது. இல்லாத அந்த மனிதருக்காக ஒருத்தி கீழே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சில நேரம் இப்போதும் அங்கேயே நிற்பதுபோல இருக்கும். கட்டிலில் அந்த இல்லாத மனிதர் படுத்திருக்கிறார், பசியோடு என்னைப் பார்க்கிறார் என்று தோன்றும். துண்டை உருவிக்கொண்டு இறங்கி, பொட்டலத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

ரெப் சார் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். “சார், அந்த ரூம்ல யாரும் இல்ல. இது என் வேல” என்றேன். ஈரத்துண்டைப் பார்த்தார்.

“தெரியும் தம்பி. எத்தனை மாசமா இந்த ஓரங்கிழிஞ்ச துண்டப் பாக்குறேன். வர்றவன் அத்தனை பேரும் ஒரே துண்டோடயா வருவான்? எனக்குன்னா விட்டுருப்பேன். இவளப் பாத்தா உங்களுக்கு மனசு வந்துரும்னு நெனச்சுத்தான் கூட்டியாந்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

சாவியைக் கொடுத்து அந்த அக்காவை உட்கார்த்தி உட்கார்த்தி மாடியேற்றினோம். அறை காலியாகிவிட்டது என்று மட்டும் சார் அக்காவிடம் சொன்னார். “சாப்புட்டாகளா?” என்று கேட்டார் அக்கா. நான் தலையாட்டினேன். அது இன்னொரு பொய். பால்கனியில் போய் நின்றால் மலையைக் காணோம். தென்னைகளுக்கு அப்பால் எல்லாம் ஒரே வெண்புகை. காலையில் கண்ணாடிபோல் கிடந்த வானம்! இருட்டும்வரை பார்த்தோம். மறுநாள் விடிந்தும் மூட்டம் விலகவில்லை. அவர்களுக்கு மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“எந்தப் பக்கம் தம்பி?” என்றார் அக்கா. காட்டினேன். அந்த வெறும் வெள்ளையைப் பார்த்து நெடுநேரம் கும்பிட்டார். “அங்குட்டுத்தானே இருக்கு. எங்க போயிரப்போகுது” என்றார்.

அதன்பிறகும் சார் மாதாமாதம் வந்தார். அட்டையை எடுக்கவே இல்லை. நானாக மூலை அறைச் சாவியை நீட்டினாலும், “கீழயே இருக்கட்டும் தம்பி” என்பார். அந்த அக்கா மறுபடி வரவில்லை. எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றிருக்கிறேன். ஆனால் கதை வெளியே வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. “பச்சை அட்டைன்னா சும்மாவா? நோயாளி அம்மாவுக்கு ஏ.சி. ரூமையே குடுத்தோம்ல” என்று மேனேஜர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி, மேகம் விலகி மலை தெரிந்தது, கடவுள் கிருபை என்று பிள்ளைகளிடம் சொல்கிறாள். மருமகன் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நல்ல மனசோடு சொல்கிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதென்றால், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அறை காலியாக இருந்தது. அட்டை அவர் கையில் இருந்தது. சாவியை நான் காலையில் கொடுக்கவில்லை, மாலையில் கொடுத்தேன். எனக்காக இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். மலை தெரிந்தது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். தெரியவில்லை.