வலது கையால் வாங்கிய கோடாலி

எங்கள் செம்பூர் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானதும் முதலில் போனது மாமரம். மண்ணைச் சோதிக்கும் இயந்திரம் உள்ளே வர வழி வேண்டுமாம். கல்யாணமாகி வந்த வருடம் என் மனைவி கொட்டை ஊன்றி வளர்த்த மரம் அது. சொசைட்டி செயலாளர் துக்கம் விசாரிப்பவர் மாதிரி வந்து, கிளையில் ஒரு துண்டை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

"இதுல ஒரு துடுப்பு செஞ்சு குடுங்க, பொங்கல் கிண்ட. போற இடத்துக்கு அதையாவது எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மனைவி. என்னிடம் எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கேட்டால் கிடைக்காது என்பது நீண்ட அனுபவம்.

என்னிடம் போய்க் கேட்டதற்கும் காரணம் உண்டு. விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து நான் மரம் செதுக்கும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்காட்டில் தாடிக்காரர்கள் உட்கார்ந்து கரண்டி செதுக்குவார்கள். நான் தாடியும் வளர்த்துப் பார்த்தேன்; பேங்கில் என்னிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

மரம் ஈரமாக இருக்கும்போதே உருவத்தை வெட்டிவிட வேண்டும். காய்ந்தால் வெடித்துவிடும். இருப்பதோ ஒரே துண்டு. மனைவி அதைக் குளியலறை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தாள். நான் கோடாலி தேடிக் கிளம்பினேன்.

விறகுக் கோடாலி இதற்கு ஆகாது. அதன் வாய் இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். ஆப்பு மாதிரி இறங்கிப் பிளந்துவிடும். செதுக்குகிற கோடாலிக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கம் மரத்தை ஒட்டி இறங்கினால் சீவல் சீவலாக வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதில்தான் சிக்கலே.

தாராவியில் தச்சர்களுக்கு ஆயுதம் அடித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி தென்காசிப் பக்கத்து பாய். ஏறக்குறைய என் வயது.

"விறகு வெட்டவா சார்?"

"கரண்டி செய்ய."

என் கண்ணாடியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "எவர்சில்வர்லயே நல்லா வருதே சார்."

"வீட்ல கேக்கறாங்க பாய்."

"அப்ப சரி. அதுக்கு மேல பேச்சில்ல" என்று கைக்கோடாலிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

முதலாவதைத் தூக்கியதும் தோள்பட்டை பேசியது. அடுத்தது தேங்காய் உடைக்கத்தான் லாயக்கு. மூன்றாவதில் எடையும் காம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன; வாய்க்குப் பக்கத்திலேயே விரல்கள் உட்கார இடமும் இருந்தது. காற்றில் வீசிப் பார்த்தேன். தட்டைப் பக்கத்தைத் தடவி, தலையை ஆட்டினேன்.

"கட்டையில ரெண்டு போட்டுப் பாருங்க சார்."

"வேண்டாம் பாய். பாத்தாலே தெரியுது."

வீட்டுப் பால்கனியில் துண்டை நிறுத்திப் போட்ட முதல் வெட்டு வழுக்கிக்கொண்டு போனது. கோடாலியைச் சாய்த்து இன்னொன்று போட்டேன். அது ஆழமாகக் கடித்து, துடுப்பின் அகலத்தில் கால்பங்கைக் கொண்டுபோனது.

சத்தம் நின்றதும் மனைவி எட்டிப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கடையில எந்தக் கையால பிடிச்சுப் பாத்தீங்க?"

அப்போதுதான் விளங்கியது. ஆணி அடிப்பது, பந்து எறிவது, கொசு அடிப்பது எல்லாம் எனக்கு இடது கைதான். வலது கையால் சாப்பிடவும் கையெழுத்துப் போடவும் மட்டும் வீட்டில் பழக்கினார்கள். கூடவே, யார் எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்க வேண்டும் என்றும். பாய் நீட்டினார், வாங்கினேன். வாங்கிய கையாலேயே வீசியும் பார்த்து, வலது கைக்காரனுக்கான கோடாலியை வாங்கி வந்திருக்கிறேன். இடது கையில் அதன் சரிவுப் பக்கம் மரத்தைப் பார்த்து நிற்கிறது.

மனைவி கடிபட்ட துண்டைத் தடவிப் பார்த்தாள். மறுபடி வாளியில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கோடாலியோடு மறுபடி பட்டறைக்குப் போனேன். "இடது கைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?" என்றார் பாய்.

"நீங்க நீட்டினீங்க, வாங்கினேன்."

"பின்ன, இடது கையில வாங்கியிருந்தா நானே ஒரு மாதிரியா நெனச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். "இதுல சரிவை மாத்த முடியாது, வாய் போயிரும். புதுசா அடிச்சுத் தாரேன். ரெண்டு நாள் பொறுங்க."

புதியதை அவர் நீட்டியபோது என் வலது கை தன்பாட்டில் எழுந்தது. அவர் கோடாலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டைமேல் வைத்தார்.

"நான் குடுக்கல, நீங்க வாங்கல. எடுத்துக்கிடுங்க."

இடது கையால் எடுத்தேன். அங்கேயே கட்டையில் போட்டுப் பார்த்தேன். சீவல் சுருண்டு விழுந்தது.

"வெட்டு சுத்தம்" என்றார் பாய். "பாக்கத்தான் சகிக்கல."

மீதி இருந்த முக்கால் அகலத்தில் ஒரு துடுப்பு வந்தது, கொஞ்சம் ஒல்லியாக. அதற்குள் சுனாபட்டியில் வாடகை வீடு கிடைத்துவிட்டது. பால் காய்ச்சிய அன்று மனைவி அதைத் துணியிலிருந்து பிரித்து எடுத்து, முகர்ந்து பார்த்து, பொங்கல் பானைக்குள் விட்டாள். நாலு சுற்றுச் சுற்றினாள். அவள் வலது கைக்குத் துடுப்பு பானையின் அடியில் படியவில்லை. அளவெல்லாம் என் இடது கையில் பிடித்தே பார்த்திருக்கிறேன். முனை எனக்கு வாகாகச் சரிந்துவிட்டது.

சீவிச் சரிசெய்கிறேன் என்றேன்.

"இனிமே இதுல யாரும் கைவைக்க வேண்டாம்" என்று துடுப்பை என்னிடம் நீட்டினாள். "அடிப்பிடிக்காம கிண்டுங்க." ஹாலுக்குப் போய் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.