அண்ணன் விற்ற மனை

எங்கள் ஊரில் மனை பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பட்டாவை இல்லை, தண்ணீரை. போடிநாயக்கனூரில் எத்தனையோ பேர் ஆழ்துளைக் கிணறு போட்டுப் புழுதியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதனால் என் அண்ணன் தன் தோட்டத்தை மனைகளாகப் பிரித்தபோது, "முப்பதடியிலயே தண்ணி கெடக்கு ஆத்தா, கல்கண்டு கணக்கா" என்று சொன்ன ஒரே வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு மேலாகத் தண்ணீர் கிடக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காய்ந்த ஊர்க்காரிக்கு எப்படித் தோன்றும்?

குரங்கணி போகிற சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது அந்த இடம். எங்கள் அப்பாவின் தோட்டம். பெண்பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன சோலி என்பது அப்பாவின் சட்டம், அதனால் சின்ன வயதில் முன்பக்கத் தென்னைகளைத் தாண்டி நான் போனதில்லை. கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு பங்கும் கேட்கவில்லை. கேட்காத பங்கையே பிற்பாடு காசு கொடுத்து வாங்கினேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது. கணவர் ஓய்வு பெற்றதும் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்ணன் வீடு தெருவின் மேட்டில் இருந்தது. எனக்குக் கொடுத்தது கீழ்க்கோடி மனை.

கடைக்கால் தோண்டியபோது மண்ணுக்குப் பதில் வெள்ளை மணல் வந்தது, கூடவே உருண்டை உருண்டையாகக் கூழாங்கல். கொத்தனாருக்கு ஒரே சந்தோஷம். "லோடு லோடா மணல் வாங்குற செலவு மிச்சம்மா" என்றார். அதைச் சலித்துத்தான் எங்கள் சுவர்களுக்குப் பூசினோம். ஓடை மணலை எடுத்து ஓடைக்குள்ளேயே வீடு கட்டிய அறிவாளிகள் நாங்கள்தான். படித்த குடும்பம் வேறு.

குடிவந்த புதிதில் காப்பீட்டு முகவர் ஒருவர் தெருவில் வீடு வீடாக வந்தார். நாங்கள் வங்கிக் கடன் வாங்காமல் சேமிப்பிலேயே கட்டியவர்கள். கடன் இருந்திருந்தால் வங்கிக்காரனாவது காப்பீடு எங்கே என்று கேட்டிருப்பான். எங்களைக் கேட்க ஆளில்லை. நான் அண்ணனைக் கூப்பிட்டுப் போடலாமா என்றேன். அவன் சிரித்தான்.

"இது என்ன, மெட்ராசா? மலைச்சரிவு ஆத்தா. எம்புட்டு மழை பெஞ்சாலும் தண்ணி நிக்குமா? ஓடிரும். அந்தக் காசுக்கு மாடியில ஓடு பதிச்சுப் போடு, வெக்கை கொறையும்."

சரியாகத்தானே சொல்கிறான் என்றார் என் கணவர். முகவரை அனுப்பிவிட்டு மாடியில் ஓடு பதித்தோம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலை கறுத்துக் கிடந்தது. ஊருக்குள் தூறல்கூட இல்லை. கொடியில் துணி காயப்போட்டுவிட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். பின்வாசலில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. செம்மண் தண்ணீர். காப்பிக் கிளையும் ஏலத்தட்டையும் கல்லும் சேர்ந்து வந்தன. அடுப்படியில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, முன்வாசல் வழியாக வெளியே போனது. அண்ணன் சொன்னது உண்மைதான், தண்ணீர் நிற்கவில்லை. இடுப்பளவு வந்து என் வீட்டுக்குள் ஓடியது. நாங்கள் இருவரும் மாடிப்படியில் நின்று, கட்டிலும் பீரோவும் மிதந்து இடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வடிந்த பிறகு வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு மணல்.

அண்ணன்தான் முதலில் ஓடிவந்தான். ஆள் கூட்டி வந்து மணலை அள்ளினான். அண்ணி மூன்று வேளையும் சோறு கொண்டுவந்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று என் கணவரிடம் கண்கலங்கிச் சொன்னேன். அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மணல் அள்ளி முடிந்த சமயத்தில் கையில் பையோடு ஒருவர் தெருவில் வந்தார். சேதம் மதிப்பிட வந்திருப்பதாகச் சொன்னார். அரசாங்கத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறார் என்று நினைத்து, மிஞ்சியிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காராமல் அண்ணன் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டார். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள் அவர். அண்ணனின் கார் ஷெட்டும் கீழ்ப்பக்கத்துச் சுற்றுச்சுவரும் போயிருந்தன. அதைப் பார்க்க வந்திருக்கிறார்.

"வெள்ளத்துக்கெல்லாமா காப்பீடு இருக்கு?" என்றேன்.

"வீட்டுக் காப்பீட்டுல வெள்ளமும் சேரும்மா. கட்டடத்துக்குத் தனித் தொகை, உள்ள இருக்கிற சாமானுக்குத் தனித் தொகை. இவர் வீடு கட்டின நாள்லேர்ந்து விடாம ரெண்டுக்கும் கட்டிட்டு வர்றார். நீங்க போடலையா?"

அவர் என் பின்வாசலில் போய் நின்று மலையைப் பார்த்தார். பிறகு முன்வாசலைப் பார்த்தார். "இது ஓடையாம்மா?" என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர்வீட்டுக்காரம்மா எனக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"ஓடையேதான் சார். இவுக அண்ணன்தான் மண்ணத் தள்ளி மூடுனாரு. ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதேக்கா" என்றேன்.

"ஒங்க அப்பன் தோட்டம், ஒனக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டோம் தாயி."

போகும்போது அந்த மனிதர் தயங்கி நின்றார். "நடந்து முடிஞ்சதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இனிமேயாவது போடுங்க. தண்ணி வந்ததை மறைக்காமச் சொல்லிப் போடுங்க." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாலும் மறுவாரமே போட்டோம். முன்பு வெள்ளம் வந்ததுண்டா என்று கேட்டார்கள். வந்தது, வீடே ஓடைமேல்தான் நிற்கிறது என்று சொன்னேன். அந்நியர்களிடம் அந்த உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை.

அண்ணனிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. ஒருவேளை மறந்திருப்பான், என் வீடு இருப்பது சரியாக ஓடையின் மேல்தான் என்று கவனித்திருக்க மாட்டான் என்று அவனுக்காக நானே காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மார்கழி முழுக்க அப்படியே போயிற்று.

பொங்கலுக்கு முந்தின நாள் அவன் சீர் கொண்டுவந்தான். கரும்புக் கட்டு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, எனக்குச் சேலை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு நிலம் தருவதில்லை. ஆயுசுக்கும் இந்தச் சீர்தான். அவன் எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கி வைக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"ஒன் வீட்டுக்கு வெள்ளத்துக்குப் போட்டுருக்க. எனக்கு ஏண்ணே வேணாம்னு சொன்ன?"

அவன் மறுக்கவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"போடுன்னு சொல்லியிருந்தா, மலையடியில எதுக்குண்ணே வெள்ளத்துக்குன்னு கேட்டுருப்ப. அப்ப நா என்னத்தச் சொல்றது?"

மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இவன் யோசித்திருக்கிறான். தங்கையின் வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் நல்லது என்பது வரைக்கும் யோசித்து, அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறான்.

"சீரை எடுத்துட்டுப் போண்ணே."

"ஆத்தா, நல்ல நாளும் அதுவுமா சீரைத் திருப்புனா தெருவுல என்ன நெனப்பாக?"

"என்னமும் நெனச்சுக்கிறட்டும். எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டாக."

அவன் கரும்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அரிசிப் பையை மறுகையில் தூக்கிக்கொண்டு மேட்டில் நடந்தான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடத்தான் நினைத்தேன். தண்ணீரில் ஊறி உப்பிய கதவு நிலையில் பொருந்தவில்லை. அவன் தன் வீட்டுக்குள் போய் மறையும்வரை நான் அங்கேயே நின்று பார்க்க வேண்டியதாயிற்று.