சர்க்கரையை விட்டேன், வெல்லத்தை விடவில்லை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். படித்தது ஐந்தாவது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஒருநாள் வீட்டில் பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். உள்ளே இரும்புத் துணுக்கு. ஷிஃப்ட் முழுவதும் அதன்மேல் நடந்திருக்கிறேன். வலிக்கவே இல்லை.

எனக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். டீயில் சர்க்கரையை நிறுத்தியிருந்தேன். ஆனால் கம்பெனியில் தூசிக்கு மருந்து என்று தினமும் வெல்லம் தருவார்கள். முகக்கவசம் கேட்டால் வராது, வெல்லம் தவறாமல் வரும். அவ்வளவு அக்கறை.

"இன்னாண்ணே யோசிக்கிற? சர்க்கரதான் விஷம். இதுல அத்தினியும் இரும்புச்சத்து, துன்னு" என்பான் கூட வேலை செய்யும் செல்வம். தன் பங்கையும் எனக்கே தருவான். செல்போன் வைத்தியர்களிடம் அவன் கற்ற வித்தை அது. வெள்ளையாக இருந்தால் விஷம், பழுப்பாக இருந்தால் மருந்து. மாடு கூட நிறம் பார்த்துத் தின்னாது.

வலிக்காத புண்தானே என்று விட்டு, அது கறுத்த பிறகுதான் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டரம்மா, "இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்றார்.

"விட்டுட்டேம்மா."

என் மனைவிதான், "வெல்லம் மட்டும் துன்றாரும்மா. அது நல்லதாமே" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ரெண்டும் கரும்புதானேம்மா. சர்க்கரை முழுக்க இனிப்பு. வெல்லத்துலயும் பெரும்பங்கு அதே இனிப்புதான். மிச்சம் ஈரமும் துளி தாது உப்பும். அந்த இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை போதாதா?"

எனக்கு வந்திருப்பது நியூரோபதி (நரம்பு பழுதாகி உணர்வு மரத்துப்போவது) என்றார். புண் கேங்ரீன் (சதை அழுகுவது) ஆகியிருந்தது. பெருவிரலை எடுத்தார்கள். "சர்க்கரை குறையலைன்னா அடுத்தது பாதம்" என்றார்.

வெல்லத்தை விட்டேன், மாத்திரையை விடவில்லை. சர்க்கரை இறங்கியது, புண் மூடியது.

இன்று செல்வம் வெல்லக் கட்டியோடு வீட்டுக்கு வந்தான். "பொங்கலும் அதுவுமா ஒரு கட்டி ஒண்ணியும் பண்ணாதுண்ணே."

நான் காலை நீட்டினேன். விரல் இல்லாத இடத்தைப் பார்த்தான். கட்டியை மறுபடி தாளில் மடித்தான்.

என் பாதம் இனி எனக்கு எதையும் சொல்லாது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கிறேன். புதுப் புண் இல்லையென்றால் அன்றைய நாள் எனக்குக் கிடைத்தது. அதற்கு மேல் நான் கணக்குப் போடுவதில்லை.

பொங்கல் நாள், சாயங்காலம்.