புட்டி என்று பெயர் வைத்தவள்

ஷெர்லி அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். எங்கள் ஆபீஸில் வேறு யாருக்கும் தமிழ் எழுத வராது. அக்காவுக்கே வராது; நான் எழுதிக் கொடுத்தால் எழுத்தையும் படம் மாதிரி பார்த்துப் போடுவாள். மைசூரிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, தமிழை வீட்டிலும் சர்ச்சிலும் மட்டும் பேசி வளர்ந்தவள். நான் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி, பெயர் மோகனப்ரியா. எனக்கு எழுத்து அம்மா கற்றுக்கொடுத்தது. மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. நான் குழந்தைகளுக்குக் கணக்குக் கேள்விகள் எழுதுவேன். மஞ்சுநாத் அதை விளையாட்டாக மாற்றுவான். அக்கா படம் வரைவாள். முதலாளி பரத்வாஜ் சார் எங்கள் எல்லாருடைய உயிரையும் வாங்குவார்.

அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இங்கே வருவதற்கு முன் ஊதுபத்தி அட்டை, டியூஷன் சென்டர் போர்டு, கல்யாண மண்டபத்து நோட்டீஸ் என்று வரையாதது இல்லை. ஆனால் அவள் வரைந்த ஒன்றாவது வரைந்தபடி வெளியே வந்ததா என்றால் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கு, மஞ்சளைக் கூட்டு, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ போடு. கடைசியில் பார்த்தால் அவளுக்கே அடையாளம் தெரியாது.

சின்னப் பிள்ளைகளுக்கான எண் விளையாட்டு ஒன்றைப் பெட்டியில் போட்டு விற்கப் போகிறோம், கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து, என்று சார் சொன்னபோது அக்கா முதல்முறையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெயர், லோகோ, நிறம், எழுத்து, பொம்மை எல்லாமே அவள் பொறுப்பு. பெட்டிக்குப் பின்னால் ‘டிசைன்: ஷெர்லி மரியராஜ்’ என்று அச்சடிப்பதாகவும் சார் வாக்குக் கொடுத்தார்.

“ஒரே ஒரு தடவ என் பேரு வந்தா போதும், ப்ரியா. அப்பாக்குக் காட்டணும்,” என்றாள் சாப்பிடும்போது. மரியராஜ் தாத்தா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். படம் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று இன்றைக்கும் கேட்பவர்.

பொம்மையை அவள் தன் மகள் மோலியைப் பார்த்து வரைந்தாள். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. முன்பல் விழுந்த வாய். விரல் விட்டு எண்ணும்போது நாக்கை அந்தச் சந்தில் துருத்திக்கொண்டிருக்கும். பெயர் புட்டி. கன்னடத்தில் சின்னப் பெண்ணை அப்படித்தான் கொஞ்சுவார்கள். அக்கா வீட்டில் தமிழ் பேசும்போதும் மோலி புட்டிதான். எங்கள் ஹனூர்ப் பக்கமும் அப்படித்தான். பார்த்ததும் எனக்குத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாருக்குப் பிடித்தது. பிடித்தால் சும்மா இருக்கிற ஆளா? பச்சையைக் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார், திரும்பப் பழைய பச்சையையே கேட்டார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ ஷெர்லி,” என்பார் ஒவ்வொரு தடவையும். அக்கா தலையை ஆட்டிவிட்டு மறுபடி உட்காருவாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. புட்டி மட்டும் புட்டியாகவே இருந்தாள், அதனால் அக்கா பொறுத்துக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் நர்சரிப் பள்ளிகள் நடத்தும் சுந்தராம்பாள் என்கிற அம்மாள்தான் தமிழ்ப் பெட்டிகளை மொத்தமாக வாங்குவதாக இருந்தார். வீடியோ காலில் அவருக்குக் காட்டினோம். தமிழ் எழுத்தில் பெயரைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, கொழந்தைங்க வெளையாட்டுக்குப் புட்டின்னா பேரு வெப்பீங்க? புட்டின்னா பிராந்திக் கடைல விக்கறதுங்க. பெத்தவங்க என்னைய வெளக்கமாத்தால அடிப்பாங்க.”

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வாயில் அது பாட்டில், வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சீசா. புட்டி என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கால் முடிந்ததும் சார் அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க தமிழ்தானே? இது கூடவா தெரியாது?”

அவரும் தமிழ்தான். அவருக்கும் தெரியாது. அக்கா எதிர்த்துப் பேசவில்லை. “எங்க வீட்டுத் தமிழ் இவ்வளவுதான் சார்,” என்றாள்.

அந்த இடத்தில் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முதல் எழுத்தை மட்டும் மாற்றிச் சுட்டி என்று வைக்கலாமே, தமிழில் துறுதுறுவென்று இருக்கும் குழந்தையை அப்படிச் சொல்வார்களே என்றேன். அக்கா முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அந்த ஓர் எழுத்தை அங்கேயே மாற்றியும் பார்த்தாள். மஞ்சுநாத்தான் திரையைப் பார்த்துச் சிரித்தான். சுட்டி என்றால் கன்னடக் காதுக்கு ‘சுட்டு ஹோய்த்து’, அதாவது எரிந்து போச்சு என்று கேட்குமாம். கருகின பொண்ணை யார் வாங்குவார்கள் என்றான்.

கன்னடத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று வைத்தால் என்ன கேடு என்று கேட்டேன். பிராண்ட் என்றால் எல்லா ஊரிலும் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று சார் எனக்குப் பாடம் எடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வரும்போது பெயரோடு வந்தார். ‘ஸ்மார்ட்டி.’ தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை, சண்டையே இல்லை என்று அவருக்கு ஏக சந்தோஷம்.

ஸ்மார்ட்டி என்று பெயர் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. ஸ்மார்ட்டான பெண்ணுக்குக் கோணல் சடை எதற்கு, பாப் வெட்டிவிடலாம். ஒரு கண்ணாடி போடலாம். ஓட்டைப் பல்லோடு பெட்டியில் நின்றால் நன்றாகவா இருக்கிறது, அடைத்துவிடுங்கள்.

“கணக்கு படிக்கற வயசுல பல்லு விழும் சார். அதுக்குத்தான் அப்படிப் போட்டேன்,” என்றாள் அக்கா.

“யாரு இல்லேன்னா? படத்துல எதுக்குன்னேன்.”

அக்கா பல்லை அடைத்தாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒரு கட்டம் வரைந்து ஓரத்தை உருட்டிவிட்டாள், அவ்வளவுதான் வேலை. நாக்கு உள்ளே போய்விட்டது. போதும்டா சாமி என்று எழுந்து டீ போடப் போனேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அச்சுக்குப் போகும் நாள் சாயங்காலம் சார் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பெட்டியின் பின்பக்கம் திரையில் இருந்தது. ‘டிசைன்’ என்ற சொல்லுக்கு எதிரே காலியாக விட்டிருந்தாள்.

“உங்க பேர போட்டுக்கோங்கோ. நான் சொன்னா சொன்னதுதான்,” என்றார்.

“வேண்டாம் சார்.”

“ஏன்? கோபமா?”

“கோபமெல்லாம் இல்ல சார். அப்பா கேப்பாரு, இது நீ போட்டதான்னு. நான் என்ன சொல்றது?”

சார் எப்படியும் சமாதானம் சொல்வார், குறைந்தபட்சம் ஒரு தடவை கட்டாயப்படுத்துவார் என்று நான் காத்திருந்தேன்.

“சரி, அப்போ என் பேர போட்டுடுங்கோ. காலியா விட்டா நன்னா இருக்காது,” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ‘பரத்வாஜ்’ என்று டைப் அடித்தாள். “இந்த த்-க்கும் வா-க்கும் நடுவுல இடம் ஜாஸ்தியா இருக்கு பாரு,” என்றாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, தள்ளி நின்று பார்த்து, சரியான பிறகுதான் கம்ப்யூட்டரை அணைத்தாள்.