ஒழுக்கும் இறைப்பு முறையும்

ஆசுபத்திரியில் மூத்திரக் குழாயைக் கழற்றியபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சலப்பைக்குக் கீழே வீங்கிக் கிடந்த சுரப்பியை வெட்டி எடுத்தாயிற்று. சலம் அடைத்து உயிர் போகிற வலி இனி இல்லை. ஆனால் போக மறுத்தது இப்போது நிற்க மறுத்தது. இருமினால் ஒழுகும். குனிந்தால் ஒழுகும். யாராவது விட்ட பகிடிக்குச் சிரித்தாலும் ஒழுகும்.

"கொஞ்ச மாதம் அப்படித்தான் இருக்கும். பிறகு இறுகும். பாரம் மட்டும் தூக்கவேண்டாம்," என்றார் டொக்டர். சலத்தை இடையில் அடக்குவதுபோல அடிக்கடி இறுக்கிப் பழகச் சொன்னார். அது எனக்குப் பிடித்த வைத்தியம். ஆட்களுக்கு முன்னால் இருந்துகொண்டே செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தவன். நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூச்சம். இந்த நோயைப் பற்றி எப்படிக் கதைப்பேன்?

மனைவி தன் பழைய நூல் சேலையைக் கிழித்து, கோவணத்துக்குள் வைக்க மடித்துத் தந்தாள். சவர்க்காரம் கிடைக்காததால் அந்தத் துணிகளைச் சாம்பலில் அவித்துத் தோய்ப்பாள். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் வேலியில், வேறு உடுப்புகளுக்குக் கீழே ஒளித்துக் காயப்போடுவாள்.

போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராத காலம் அது. தண்ணீர் இறைக்கும் மெசின்கள் மூலையில் கிடந்தன. எங்களுடையது நாலு குடும்பத்துப் பங்குக் கிணறு. எல்லோரும் பழையபடி ஏற்றத் துலாவுக்குத் திரும்பியிருந்தோம். ஒருவர் துலாவில் ஏறி மிதிக்கவேண்டும், ஒருவர் கீழே நின்று பனையோலைப் பட்டையில் வரும் தண்ணீரை வார்க்கவேண்டும், ஒருவர் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறவேண்டும். என் முறைக்கு நீ வந்தால் உன் முறைக்கு நான் வருவேன். கூலி இல்லை. மிதிக்க முடியாதவனுக்கு யார் வந்து மிதிப்பார்கள்?

நான் படுக்கையில் கிடந்தபோது மனைவி நட்ட வெங்காயத்துக்கு, பங்குக்காரர் இரக்கப்பட்டு இறைத்துத் தந்தார்கள். எழும்பி நடமாடத் தொடங்கியதும் இரக்கம் முடிந்தது. பங்குக்காரரில் ஒருவன் என் மச்சான், தங்கையின் புருஷன். எல்லோருக்கும் முன்னால் கிணற்றடியில் வைத்துச் சொன்னான்.

"மச்சான், இந்தப் போகம் உன்ரை முறையை எனக்கு விடு. நீ பேசாமல் வீட்டிலை கிட."

"ஏன்?"

"உனக்குத் துலாவே தேவையில்லையடா. நீ நடக்க நடக்கப் பாத்தி நனையுதாம்."

கிணற்றடியே சிரித்தது. வழக்கமாக நானும் தலையைக் குனிந்து சிரித்துவிட்டுப் போகிறவன்தான். ஆனால் ஒருமுறை கைமாறிய இறைப்பு முறையைத் திரும்ப வாங்கியவனை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. தலையை நிமிர்த்தினேன்.

"ஓம், ஒழுகுது. உங்கடை கிணத்துக்குள்ளையோ ஒழுகுது? என்ரை வேட்டிக்குள்ளைதானே?"

சிரிப்பு நின்றது.

"முறையை நான் விடமாட்டன். மிதிக்க ஏலாது, டொக்டர் மறிச்சுப் போட்டார். நாலு பேரின்ரை முறைக்கும் நானே தண்ணி மாறுறன். என்ரை முறைக்கு நீங்கள் வந்து மிதியுங்கோ."

"உது ஞாயம்தான்," என்றார் மற்றொரு பங்குக்காரர். "குனிஞ்சு நிண்டு தண்ணி மாறி எனக்கு நாரி எலும்பே விட்டுப்போச்சு."

மச்சான் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி திகைத்துப் போனாள். "நாலு பேருக்கு முன்னாலை உந்தக் கதையைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். இனி அந்தத் துணியளைக் கொடியிலை விரிச்சுப் போடு. வெயில் படட்டும்."

என் முறை வந்த அன்று துலாவில் மச்சான் நின்றான். பாதித் தோட்டம் நனைவதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஓடும்போது விட்டுப் போனால் வரம்பு உடைந்துவிடும். கையை உயர்த்தினேன்.

"நிப்பாட்டு! நான் சலம் போகவேணும்."

"இப்பதானேயடா போனனி!"

"திரும்பவும் வந்திட்டுது. நில்!"

துலா நின்றது. பட்டை கிணற்றுக்குள் பாதியில் தொங்கியது. மண்வெட்டியைச் சேற்றில் குத்திவிட்டு வேலியடிக்குப் போனேன். நான் ஓடவில்லை. சுரப்பியை வெட்டிய பிறகு சலம் விட்டு விட்டுத்தான் போகும்.

"முடிஞ்சுதோ மச்சான்? கால் விறைக்குது!"

"இல்லை. பொறு."

ஆற அமர முடித்துவிட்டு வந்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டித் திறந்தேன்.

"இனி மிதி," என்றேன்.