அம்பிட்டிய வீட்டுக் கவ்வாத்து

கணேஸை நான் முதன்முதலில் கண்டது கண்டி மஹய்யாவையில், வாடகை அறைக்கு முன்னால் நின்ற கொய்யா மரத்தின் மேலே. கெம்பஸ் படிப்பு முடித்து, டவுனில் வேலை கிடைத்து, ஒரு சூட்கேசோடு வந்து இறங்கிய என்னை அவர் கொப்புகளுக்கு நடுவிலிருந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லுங்க, நம்ம பக்கந்தான். படிச்ச பிள்ளை கீழ நிக்காதீங்க. கொப்பு விழுந்தா பட்டம் நசுங்கிரும்."

பக்கத்து அறைக்காரராக அவர் பழகியதில் பல கதைகள் வந்தன. அம்பிட்டிய வீட்டுக் கதை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பேச்சு தடுக்கி நிற்கும்.

கணேஸ் தெல்தோட்டைப் பக்கத்து மலைகளில் இளவயதிலிருந்தே கவ்வாத்து வெட்டியவர். தேயிலையில் கவ்வாத்து என்றால் இரக்கம் பார்க்கிற வேலையில்லை. செடியை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். மூச்சுவிட ஒரு கொப்பு மிஞ்சினால் அதிகம். பூவைப் பற்றிப் பேச்சே கிடையாது. தேயிலை பூத்துக் கிடந்தால் அந்த மலையைக் கவனிக்க ஆளில்லை என்று அர்த்தம். பூ என்பது வீணாய்ப் போன கொழுந்து.

இந்தக் கண்ணோடுதான் அவர் கண்டிக்கு வந்தார். வீட்டுத் தோட்டங்களில் கையை அடக்கப் பழகினார். காய்ந்ததை எடுக்க வேண்டும், ஒன்றோடொன்று உரசும் கொப்புகளில் ஒன்றைக் கழிக்க வேண்டும், செடிக்குள்ளே வெயில் விழ வேண்டும், பூத்து ஓய்ந்த பிறகுதான் ஆழமாக வெட்ட வேண்டும். எல்லாம் தெரியும். ஆனாலும் கவ்வாத்துக் கத்தி கையில் ஏறினால் பழைய வேகம் வந்துவிடும். அந்த வேகத்தைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு.

அம்பிட்டிய வீடு பிரேமிளாவுடையது. கணவரோடு டவுனில் துணிக்கடை நடத்துகிறவர். மதில் முழுக்கப் படர்ந்து கேட்டுக்கு மேலே வளைந்து நின்றது கடதாசிப்பூ என்கிற போகன்வில்லா. மகள் தனுஜாவுக்குத் தையில் வீட்டிலேயே கல்யாண எழுத்து, அதாவது பதிவு. படமெல்லாம் அந்தப் பூவுக்குக் கீழேதான் என்று பெண் வெளிநாட்டிலிருந்தே சொல்லிவைத்திருந்தாள். வீட்டு வேலைக்கு இருந்தவர் அங்கம்மா. ஐம்பதைத் தாண்டியவர், இவரும் தோட்டத்துப் பிறப்பு. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அவருக்கு வீடு, வாசல் எல்லாம். கணேஸுக்கு அந்த வீட்டில் வேலை பிடித்துக் கொடுத்ததே அங்கம்மாதான்.

மார்கழி பிறந்த சமயம். கடையிலிருந்து பிரேமிளா அங்கம்மாவோடு ஃபோனில் பேசினார். "கணேஸ் வந்தா செடியைக் கவாத்து பண்ணச் சொல்லு." தமிழ்நாட்டு வீடியோக்களில் கேட்டுப் பிடித்துக்கொண்ட சொல் அது. அவர் நினைத்தது நுனிகளை லேசாகத் தட்டிவிடுவதை. அங்கம்மாவின் வாய்க்கு வந்தபோது அது தோட்டத்துச் சொல்லாகிவிட்டது.

"தம்பி, கவ்வாத்து வெட்டணுமாம்."

"கவ்வாத்தா? நெசமாத்தான் சொல்றீங்களா?"

"அம்மா அப்பிடித்தான் சொன்னாங்க."

கணேஸ் செடியை அண்ணாந்து பார்த்தார். நுனிக்கு நுனி குண்டூசித் தலை அளவில் சிவப்பு கட்டியிருந்தது. இந்த நேரத்திலா என்று ஒரு கணம் யோசித்தார். யோசிக்கவில்லை என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வருசக்கணக்காகியிருந்தது. கத்தியை உருவினார்.

முதல் கொப்பு விழுந்த சத்தத்துக்கே அங்கம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். "டேய், என்னடா மொட்டையடிக்கிற? கல்யாணம் வருதுல்ல. நில்லு, அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கிறேன்."

"கவ்வாத்தை எனக்குப் படிச்சுக் குடுக்கப் போறீங்களாக்கா? போங்க, போய்க் கறியைப் பாருங்க. அடிப்பிடிக்குது."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனார். கறி உண்மையிலேயே அடிப்பிடித்திருந்தது.

பொழுது சாயும்போது பிரேமிளா கார் கதவைத் திறந்து இறங்கியவர், திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். மதிலோரம் முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் நின்றன. வெட்டெல்லாம் தண்ணீர் தங்காத சாய்வில், சுத்தமாக.

"யார் இப்படி வெட்டச் சொன்னது?"

"அக்காதான் மேடம் கவ்வாத்துன்னு சொன்னாங்க."

அது பொய்யில்லை. அங்கம்மா கணேஸின் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தையும் அவர் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். கணேஸ் கத்தியில் ஒட்டியிருந்த சாற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதை சொல்லும்போது அவர் தடுக்கி நிற்பது இங்கேதான்.

"நான் சரியா விளங்கிக்காம சொல்லிட்டேம்மா," என்றார் அங்கம்மா கடைசியில்.

"ஒரு வார்த்தையை ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேக்கத் தெரியல உனக்கு."

தைக்கு முன்னால் நாள் நிறைய இருந்தது. ஒரு ஃபோன் எடுத்தால் போதும். அக்கா நிப்பாட்டச் சொன்னாங்க, நான்தான் கேக்கலை. இந்த ஒரு வரியைக் கணேஸ் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னால் அம்பிட்டிய வேலை போகும், அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு வீடு போகும். நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினார். கல்யாணப் படங்கள் மதிலுக்கு முன்னால் கட்டிய துணித்திரையின் கீழே எடுக்கப்பட்டன. விருந்தாளிகள் போனதும் பிரேமிளா அங்கம்மாவின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

சித்திரையில் பிரேமிளாவிடமிருந்து அழைப்பு வந்தது. "கணேஸ், வந்து பாருங்களேன். இப்படிப் பூத்து நான் கண்டதே இல்லை."

போய்ப் பார்த்தார். புதுக்கொப்புகள் அடர்ந்து, இலையே தெரியாமல் மதில் சிவந்து கிடந்தது. கை சுத்தமாக வெட்டியிருந்தது. செடி அதற்குப் பதில் சொல்லியிருந்தது. பிரேமிளா பாராட்டப் பாராட்ட அவர் கூனிக் குறுகினார்.

"மேடம், அன்னைக்கு அங்கம்மாக்கா என்னை நிப்பாட்டச் சொன்னாங்க. உங்களைக் கேக்கப் போனாங்க. நான்தான் விடலை."

பிரேமிளா பூவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே. இப்ப வேற ஆள் வச்சாச்சு. பழகவும் பழகிட்டா."

அடுத்த ஞாயிறு விசாரித்துக்கொண்டு பல்லேகலவுக்குப் போய் அங்கம்மாவைக் கண்டுபிடித்தார். அங்கம்மா கொடியில் சேலை விரித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா கவ்வாத்துக்காரா. இங்க வெட்டுறதுக்கு ஒண்ணுமில்லையே."

"அக்கா, நான் அந்த மேடத்துக்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? நல்லது." சேலையின் மடிப்பை நீவிவிட்டார். "அன்னைக்கு நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டே நின்னேன். கத்தியத்தானே தொடச்சுக்கிட்டிருந்த."

அவரைத் திட்டவும் இல்லை, இருந்து சாப்பிட்டுப் போ என்று சொல்லவும் இல்லை.

அங்கம்மா இப்போது பல்லேகலவில் ஓர் உடுப்புத் தொழிற்சாலைக் கென்டீனில் பாத்திரம் கழுவுகிறார். அங்கே வேலை செய்யும் பெண்களோடு ஒரு போர்டிங் அறையில் இருக்கிறார். கணேஸ் மஹய்யாவையில்தான் இருக்கிறார். அம்பிட்டிய வீட்டு வேலையை அவர் விடவில்லை.