கதிரையை விட்டு எழும்பிய மூன்று மாதங்கள்

அரசாங்கக் கருமபீடத்தில் வேலை செய்பவளின் திறமையை, அவள் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறாள் என்பதை வைத்தே அளக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீன்பிடிப் படகுகளின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் மேசையில் பதினெட்டு வருடம் அப்படி இருந்து நான் எண்பத்தெட்டுக் கிலோவானேன்.

மூன்று மாதத்தில் நிறையும் சீனியும் இறங்காவிட்டால் இன்சுலின் என்றார் கிளினிக் டொக்டர். சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை எழும்பி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். சீனி முற்றி என் அக்காவுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தபோது பக்கத்தில் நின்றவள் நான். எழும்புவது என்று முடிவு செய்தேன். இருந்தே பெருத்த என் இனத்தவரே, அது லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் நாள்

எங்கள் கந்தோரில் மேசையில் இருப்பவர் எழும்பினால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். சனங்களை அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்தான். ஒன்பது மணிக்குக் கைபேசி மணி அடித்தது. எழும்பினேன். வரிசையில் நின்ற பத்துப் பேரும் கூச்சல் போட்டார்கள். “மிஸ், தேத்தண்ணிக்கோ?” “அரைநாள் லீவோ?” நடக்கப் போகிறேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. முதல் பஸ்சில் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் படகுக்கார முஸ்லிம் அண்ணன் மட்டும் நியாயம் பேசினார்.

“நீங்க நடங்க மிஸ், நாங்க வேணாண்டு சொல்லல்ல. அந்தக் கதிரையில வேற ஒராளை இருத்திப்போட்டு நடங்க.”

கோப்பு எடுத்தல்

நடக்க ஒரு சாட்டு வேண்டும் என்று கோப்புகளை நானே போய் எடுக்கத் தொடங்கினேன். பதிவறை கட்டடத்தின் மற்ற அந்தத்தில். கோப்பு எடுத்துக் கொடுப்பது அலுவலக உதவியாளர் கந்தையா அண்ணையின் வேலை. பதிவறை வாசலில் கதிரை போட்டு இருப்பார். காலையில் கேட்டால் பின்னேரம் எழும்புவார். நான் மூன்றாம் முறை போனபோது பாய்ந்து வந்து வாசலை மறித்தார். அவ்வளவு கெதியாக அவர் எழும்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“பிள்ளை, நடக்கிறதுக்கு எனக்குச் சம்பளம், இருக்கிறதுக்கு உங்களுக்குச் சம்பளம். அதை மாத்தாதேங்கோ.”

கூட்டம்

அவர் போய் முறையிட, விடயம் எங்கள் பொறுப்பதிகாரி சேரிடம் போனது. சேர் நவீனமான மனிதர். ஊழியர் ஆரோக்கியம் பற்றிக் கூட்டம் வைத்தார். ஒன்றரை மணி நேரம். ரோல்ஸ், பற்றிஸ், பால் தேத்தண்ணி. எழும்பும் நேரம், திரும்பி வந்து இருக்கும் நேரம், காரணம், கையொப்பம் என்று கோடு போட்ட புதிய பதிவேடு ஒன்றும் பிறந்தது. இடையில், இருந்த இருப்பில் இடுப்பு நாரி பிடித்து நான் எழும்பினேன். சேருக்கு முகம் கறுத்துவிட்டது.

“இருங்கோ மிஸ், இருங்கோ. எழும்பிறதைப் பற்றித்தானே இப்ப கதைக்கிறம்.”

வடை

நிலாவெளியில் கரைவலை வைத்திருக்கும் ராசாத்தி அக்கா ஒருநாள், மணி அடிக்கச் சற்று முன்னர், சுடச்சுட ஆறு கடலை வடையை மேசையில் வைத்தார். அடுத்த நாள் வேறொருவர் நெய் வடியும் மஸ்கற் இனிப்புக் கொண்டுவந்தார். இரண்டு கிழமையில் என் நிறை ஒரு கிலோ ஏறியது. வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக ஒன்றையும் மிச்சம் வைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவு அன்பு எதற்கு என்று ராசாத்தி அக்காவிடமே கேட்டேன்.

“தின்னேக்க எழும்ப மாட்டீங்கள்தானே மிஸ். என்ர படிவத்தை முடிச்சுப்போட்டு எங்கயும் நடவுங்கோ.”

முத்திரை

அதோடு வடையை நிறுத்தினேன். கைபேசி மணியையும் நிறுத்தினேன். என் மேசையில் இருந்த ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் தூக்கி, அறையின் மறுகோடியில் உள்ள அலுமாரிக்கு மேல் வைத்தேன். ஒரு பத்திரத்துக்கு ஒரு தடவை எழும்பிப் போய்வர வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பத்திரம்.

ஒருவரும் கூச்சல் போடவில்லை. சேர் பதிவேட்டைத் திறக்கவில்லை. கந்தையா அண்ணை பார்த்தும் பாராததுபோல் இருந்தார். கிண்ணியாக் காக்கா இரண்டாவது படகுக்காக வந்து, நான் வேர்க்க விறுவிறுக்கப் போய்வருவதைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாவம் மிஸ், உங்கள இப்பிடி அலைய விடுறானுகளே. முத்திரையக் கிட்ட வைக்கச் சொல்லி நாங்க மேலிடத்துக்கு ஒரு மனு எழுதட்டா?”

கிளினிக்

மூன்று மாதம் முடிந்த அன்று தராசில் ஏறுமுன் செருப்பு, கைப்பை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். நிலத்தில் நின்ற என் பத்து விரல்களையும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன். எண்பத்து மூன்று. சீனியும் இறங்கியிருந்தது. இன்சுலின் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு டொக்டர் சந்தோஷமாக நிமிர்ந்தார்.

“இப்பிடி நடக்க விடுற கந்தோர் கிடைக்கிறதுக்குக் குடுத்துவைக்க வேணும்.”

உடம்புக்காக ஐந்து நிமிடம் எழும்பினால் விசாரணை வரும், வேலையை எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் அனுதாபம் வரும் என்பதே பதினெட்டு வருட அரச சேவையில் நான் கற்ற ஒரேயொரு சுகாதார விதி.